வேகமாக ஓடிய மீட்டர்

சவடாலுக்குப் பயம் வந்தால் நாக்கு நீளும். அன்று காலை சிறுநீரக டாக்டரின் அறைக்குள் நுழைந்ததிலிருந்து அவன் வாயை மூடவே இல்லை என்றால், பையன் எந்த நிலைமையில் இருந்தான் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்து ஒரு ஜோக் அடித்தான். மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் சிறுநீரகத்தைத் தொட்டுப் பார்த்து, இதைத் தானம் செய்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த மீட்டரம்மா மட்டும் கையை நீட்டி அவன் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு வைத்தார்.

மீட்டரம்மா துப்பறியும் தொழிலுக்கு வந்த கதை சுவாரசியமானது. மின்சார இலாகாவில் மீட்டர் சோதனைப் பிரிவில் இருந்தவர் அவர். காந்தம் வைத்து மீட்டரை நிறுத்துகிறவன், வயரைத் திருப்பி மாட்டுகிறவன், பக்கத்து வீட்டுக் கம்பியில் கொக்கி போடுகிறவன் என்று ஊரிலுள்ள அத்தனை கில்லாடிகளையும் பிடித்துப் பிடித்துக் கை பழகிப்போய், ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் மனிதர்களைச் சோதிக்கக் கிளம்பிவிட்டார். சவடால் அவருடைய உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவதும் திட்டு வாங்குவதும் அவன் பொறுப்பு. இரண்டையும் குறைவில்லாமல் செய்துவந்தான்.

ஆனால் இந்தக் கேஸ் அவன் வீட்டுக் கேஸ். ஆபத்தில் இருந்தது அவனுடைய கூடப்பிறந்த அக்கா.

அக்கா தன் சிறுநீரகம் ஒன்றைக் கணவருக்குக் கொடுப்பதாக இருந்தாள். மாமாவின் சிறுநீரகங்கள் பல வருடங்களாகக் கெட்டுக்கொண்டே வந்து, இப்போது அந்த மனிதரின் உயிர் டயாலிசிஸ் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் ரத்தம் பொருந்தியது. ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. அதற்குப் பிறகு எடுத்த சோதனையில்தான் வினை வந்து சேர்ந்தது.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் இரண்டு விதமாகப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஒன்று கிரியாட்டினின். அது தசைகளிலிருந்து வரும் கழிவு. ஆள் ஒல்லியாக இருந்தால் கழிவே குறைவாகத்தான் வரும், கிட்னி மோசமாக இருந்தாலும் எண் நல்லபடியாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். அக்காவோ ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அதனால் இரண்டாவதாக சிஸ்டாட்டின் என்கிற ஒரு புரதத்தையும் பார்த்தார்கள். உடம்பின் எல்லா செல்களும் சீராகச் சுரக்கிற சின்னஞ்சிறு புரதம் அது. குண்டோ ஒல்லியோ, கிட்னி நன்றாக இருந்தால் ரத்தத்திலிருந்து அதை வடித்து எடுத்துவிடும். ரத்தத்தில் அது தேங்குகிறதென்றால் வடிகட்டி அடைபடுகிறது என்று பொருள்.

முதல் சோதனையில் இரண்டு எண்ணும் பிரமாதமாக இருந்தன. அடுத்த சோதனையில் புரதம் ஏறியிருந்தது. மெஷின் கோளாறாக இருக்கலாம் என்று வேறொரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள், அங்கேயும் அதே கதை. இன்று வந்த ரிப்போர்ட்டில் இன்னும் ஏறியிருந்தது. கிரியாட்டினின் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"ஒரே வீட்டுக்கு ரெண்டு மீட்டர். ஒண்ணு ஒழுங்கா ஓடுது, ஒண்ணு தலைதெறிக்க ஓடுது" என்றார் மீட்டரம்மா. "கிட்னியைத் தொடாம இந்தப் புரத மீட்டரை மட்டும் வேகமா ஓட வைக்க முடியுமா, டாக்டர்?"

முடியும் என்றார் டாக்டர். தைராய்டு கோளாறு, புகைப் பழக்கம், உடம்பில் எங்காவது பெரிய அழற்சி, ஸ்டீராய்டு மருந்து. தைராய்டைச் சோதித்துவிட்டார்கள், சரியாக இருக்கிறது. மற்ற எதுவும் தனக்கு இல்லை, தலைவலிக்குக்கூட மாத்திரை போடுவதில்லை என்று அக்காவே சொல்லியிருக்கிறாள்.

"எங்கக்கா சிகரெட் பிடிச்சா, புகையோட புகையா அவளும் ஜன்னல் வழியா வெளியே போயிடுவா டாக்டர்" என்றான் சவடால்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "வேற காரணம் கிடைக்கலைன்னா, கிட்னி கெட ஆரம்பிச்சிருக்குன்னுதான் நான் எடுத்துக்கணும். கொடுக்கறது அப்புறம் இருக்கட்டும் தம்பி. முதல்ல உங்கக்காவைக் காப்பாத்தியாகணும்."

 சவடாலின் அடுத்த ஜோக் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது.

வெளியே வராந்தாவின் நீளப் பெஞ்சில் அக்கா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். ஒரு பொட்டலம் காலியாகி, இரண்டாவது பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு இட்லி சாப்பிட்டாலே அதிகம் என்கிறவள் அவள். கொஞ்ச நாளாகவே பசி அடங்கவில்லை, தூக்கமும் வரவில்லை, விடியற்காலையில் எழுந்து பீரோவை அடுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று அவளே சொன்னாள். பயத்தில்தான் எல்லாம் என்றும் சொன்னாள். பேசிக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெற்றிப்பொட்டைத் தேய்த்துவிட்டாள். கண்ணாடிக் காம்பு பதிந்த இடத்தில் இரண்டு பக்கமும் பள்ளமாக ஒரு கோடு.

பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யாரோ எனக்கு எதையோ கலந்து குடுக்கறாங்கடா. என் உடம்பு எனக்குத் தெரியாதா? உள்ள யாரோ பூந்து உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

 சவடால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

மீட்டரம்மா பதறாமல் கேட்டார். வீட்டில் என்ன சாப்பிடுகிறாய், யார் தருகிறார்கள்? சமையல் அக்காதான். காலைக் காபி மட்டும் மாமா போடுவார். நோயாளி என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டீர்களே, இதையாவது விடுங்கள் என்று கெஞ்சி வாங்கிக்கொண்ட வேலை அது. "கை நடுங்குது போல, பாவம், தூளை அள்ளிக் கொட்டிடறார். ஒரே கசப்பு. முகம் சுளிச்சா மனசு கஷ்டப்படுவார்னு ஒரே மடக்குல குடிச்சிடுவேன்" என்றாள் அக்கா.

சாயங்காலம் நாத்தனார் ஒரு மூலிகைப் பொடியை வெந்நீரில் கலந்து தருவாள். கிட்னிக்குப் பலமாம். டாக்டர் திட்டுவார் என்று அதை மட்டும் அக்கா அவரிடம் சொல்லவில்லை.

மீட்டரம்மா சவடாலைப் பார்த்தார். சவடால் ஏற்கெனவே ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். பலம் தரும் பொடி என்று விற்கப்படுவதில் ஸ்டீராய்டைக் கலப்பது புதிய தந்திரம் ஒன்றும் இல்லை. குடித்ததும் தெம்பு வரும், பசி கூடும், தூக்கம் போகும், விற்றவன் பெயர் வாங்குவான்.

நாத்தனார் மாமாவின் அக்கா. கூடவே இருப்பவள். தம்பிக்கு அவளே கிட்னி கொடுக்க முன்வந்து, சர்க்கரை வியாதி இருக்கிறதென்று திருப்பி அனுப்பப்பட்டவள். தன்னால் முடியாததை வந்தவள் செய்கிறாளே என்கிற எரிச்சல் இருக்காதா என்று வழியெல்லாம் சவடால் கேட்டுக்கொண்டே வந்தான்.  மீட்டரம்மா வீட்டு வாசலில் இறங்கியதும் பழக்க தோஷத்தில் முதலில் மீட்டர் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். அக்கா ஆட்டோவில் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தாள்.

சமையலறையில் பொடி டப்பாவைக் கையில் எடுத்ததுதான் தாமதம், நாத்தனாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. டம்ளரை எடுத்தாள், டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி அள்ளிப் போட்டாள், பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, அவர்கள் கண் முன்னாலேயே கடகடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நானும் இதைத்தான் குடிக்கறேன், அவளும் இதைத்தான் குடிக்கறா" என்றாள். "விஷம்னா ரெண்டு பேரையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போங்க."

சவடால் அவளை மேலும் கீழும் பார்த்தான். கழுத்தெலும்பு எடுத்துக்கொண்டு நிற்கும் அதே பழைய உடம்பு. மத்தியானம் படுத்தால் குறட்டை தெருமுனை வரை கேட்கும் என்பது அந்தத் தெருவே அறிந்தது. சர்க்கரை வியாதிக்காரி ஸ்டீராய்டு குடித்திருந்தால் சர்க்கரை எகிறி இந்நேரம் மருத்துவமனையில் கிடந்திருப்பாள் என்று மீட்டரம்மா சொல்லிவிட்டு டப்பாவை மூடினார். ஒரே துப்பு, அதுவும் புஸ்ஸென்று போய்விட்டது. சவடாலுக்கு அழுகை வரும்போல இருந்தது. பொடிதான் காரணமென்றால் நிறுத்திவிடலாம். பொடி இல்லையென்றால், டாக்டர் சொன்னதுதான் உண்மை.

மாமா தன் அறையில் டயாலிசிஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாமா மாதிரி மனிதர் கிடைப்பது அரிது. நோய் வருவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர். சவடாலின் கடி ஜோக்குகளுக்கு இந்த உலகத்தில் மனசாரச் சிரிக்கும் ஒரே ஜீவன். பல வருடங்களாகச் சாப்பிட்ட மாத்திரையால் பூசணிக்காய் மாதிரி உப்பியிருந்த அவர் முகம் இப்போது வற்றி, பழைய கல்யாணப் போட்டோவில் இருக்கிற முகம் எட்டிப்பார்த்தது. எல்லாம் நான் தம்பிக்கும் கொடுக்கிற பொடியின் மகிமை என்று நாத்தனார் வாசலில் நின்று சொன்னாள்.

"டாக்டர் என்ன சொன்னார் மாப்ள?" என்றார் மாமா. "ஆபரேஷன் வேண்டாம்னுட்டாரா?"

தள்ளிப்போட்டிருக்கிறார் என்றான் சவடால். மாமா மூச்சை மெதுவாக வெளியே விட்டார். பாவம், எவ்வளவு ஏமாற்றமோ என்று சவடாலுக்கு மனசு கனத்தது.

"மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமா, நழுவிய கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு. "அதுக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேசத் தெரியாது." கட்டிலைவிட்டு எழுந்தவர் உடனே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கண்ணாடி மறுபடி நழுவியது.

அக்கா ஓடிவந்து தோளில் கை கொடுத்தாள். போன தடவை டயாலிசிஸில் பிரஷர் மிகவும் இறங்கிவிட்டது, சாப்பாடும் பிடிக்கவில்லை, எல்லாம் வாந்திதான் என்று மீட்டரம்மாவிடம் சொன்னாள். நோய் முற்றுகிறது, சீக்கிரம் கொடுத்தாக வேண்டும், அதற்குள் எனக்கு இப்படி ஆகிறதே என்றபோது அவள் குரல் உடைந்தது. இருவரும் ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

மீட்டரம்மா போகவில்லை. தெருவில் ஆட்டோ மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, ஏதோ மறந்துபோனதை எடுக்க வந்தவர் போல விறுவிறுவென்று மாமாவின் அறைக்குத் திரும்பினார்.

தலைமாட்டில் மாத்திரைப் பெட்டி இருந்தது. கிழமைக்கு ஒரு அறையாகப் பிரித்த பெட்டி. இன்று வரையிலான அறைகள் காலியாகவும், நாளையிலிருந்து நிரம்பியும், எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருந்தது. சவடால் உதட்டைப் பிதுக்கினான். மீட்டரம்மா அலமாரிக்கு நகர்ந்தார். சவரச் சாமான் வைக்கிற பிளாஸ்டிக் குவளையைத் தூக்கினார், அதன் பின்னால் கையை விட்டார். வெளியே வந்த கையில் இரண்டு டீஸ்பூன்கள் இருந்தன, ஒன்றின் குழிக்குள் ஒன்று உட்கார்ந்த மாதிரி.

"மாத்திரையை முழுங்கற மனுஷனுக்கு ஸ்பூன் எதுக்கு?" என்றார். "அதுவும் ரெண்டு?"

ஸ்பூன்களைப் பிரித்தார். அடி ஸ்பூனின் குழியில் கீறல்கள், கீறல்களுக்குள் மாவு மாதிரி வெள்ளை. விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தவர் முகத்தைச் சுளித்துக் கைக்குட்டையில் துப்பினார். சரியான கசப்பு. இரண்டு ஸ்பூனுக்கு நடுவே மாத்திரையை வைத்து நசுக்கிய மிச்சம் அது.

நாத்தனாரைக் கூப்பிட்டுக் காபியைப் பற்றிக் கேட்டார். தம்பி காலையில் சமையலறைக்குள் யாரையும் விடமாட்டான் என்றாள் அவள். பொண்டாட்டிக்குத் தன் கையால் காபி போட்டு, அவள் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, டம்ளரையும் தானே கழுவி வைப்பானாம். இப்படி ஒரு பிரியத்தை எங்கே பார்க்க முடியும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

 மாமாவா? சவடாலின் கடிக்குச் சிரிக்கிற மாமாவா, அக்காவுக்கு மருந்து வைக்கிறார்? அந்த ஆளோடுதான் அக்கா இப்போது ஆட்டோவில் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகிறாள். தண்ணீர் வேண்டும் என்று அவர் கேட்டால் அக்கா எடுத்துக்கொடுப்பாள், நீயும் கொஞ்சம் குடி என்று அவர் சொன்னால் குடிப்பாள். சவடால் வாசலுக்கு ஓடினான். மீட்டரம்மா பின்னால் ஏறியும் ஏறாததுமாக ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

முதல் சிக்னலில் சிவப்பு. சவடால் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். முன்னால் நின்ற லாரிக்காரன் தலையை நீட்டித் திட்டினான்.

"அவரைக் கொன்னுடுவேன் மேடம்" என்றான்.

"முதல்ல காதைக் குடு" என்றார் மீட்டரம்மா. "உங்கக்கா கண்ணாடி ஏன் நெத்திப்பொட்டை அழுத்துது? முகம் உப்பியிருக்கு. உங்க மாமா கண்ணாடி ஏன் மூக்குல நிக்கல? முகம் வத்தியிருக்கு. ஒரு வீட்டு மீட்டர் காரணமில்லாம வேகமா ஓடினா, நான் அந்த வீட்டை நோண்டிக்கிட்டு இருக்கமாட்டேன். பக்கத்து வீட்டு மீட்டர் ஏன் மெதுவா ஓடுதுன்னு பார்ப்பேன். ஸ்பூன்ல இருந்த வெள்ளை, டாக்டர் சொல்லி அவர் சாப்பிடற ஸ்டீராய்டு மாத்திரை. பெட்டியிலேர்ந்து ஒழுங்காத்தான் வெளியே வருது. போய்ச் சேர்ற வாய்தான் வேற."

"எதுக்கு? கிட்னியைக் கெடுக்கவா?"

"கிட்னியைக் கெடுக்க ஆயிரம் மருந்து இருக்கு. இவர் கிட்னியைத் தொடவே இல்ல, எண்ணை மட்டும் தொட்டிருக்கார். மீட்டரை மெதுவா ஓட வச்சவனை நான் நிறையப் பிடிச்சிருக்கேன். பில் ஏறட்டும்னு வேகமா ஓட வச்சவனைப் பார்த்ததே இல்ல. அப்படி யார் செய்வான் சொல்லு? கனெக்‌ஷனே வேண்டாம்னு நினைக்கறவன்தான் செய்வான்."

சிக்னல் பச்சையாகியது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். சவடாலுக்கு வண்டியை நகர்த்தத் தோன்றவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று மாமா தலைபாடாக அடித்துக்கொண்டதும், அக்கா உண்ணாவிரதம் இருந்து அவரைச் சம்மதிக்க வைத்ததும் அவனுக்கு ஞாபகம் வந்தது. அக்காவிடம் வாதாடி ஜெயித்தவர்கள் அந்தக் குடும்பத்தில் யாருமில்லை. அதனால் அவளோடு வாதாட மாமா ஒரு மெஷினை ஏற்பாடு செய்திருக்கிறார்.

"அப்ப அக்காவுக்கு ஆபத்து இல்ல" என்றான். சிரிப்புக்கூட வரப் பார்த்தது.

"இல்ல. ஆனா நீ ஏன் இன்னும் வேகமா போகணும்னு கேளு." மீட்டரம்மாவின் கை அவன் தோளை இறுக்கியது. அந்த அம்மாள் பயந்து அவன் பார்த்ததில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா, இதே மாத்திரைதான். டாக்டர் மண்டையில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கார். வருஷக்கணக்கா சாப்பிட்ட உடம்பு, தானா சுரக்கவேண்டியதைச் சுரக்க மறந்துபோயிடும். பட்டுன்னு நிறுத்தினா கிறுகிறுப்பு வரும், வாந்தி வரும், பிரஷர் இறங்கும். இறங்கினது அப்புறம் ஏறாது. அந்த மனுஷன் இப்ப போய் மெஷின்ல படுக்கப் போறார்."

அதற்குப் பிறகு சவடால் எந்தச் சிக்னலிலும் நிற்கவில்லை.

டயாலிசிஸ் வார்டில் மெஷின்கள் சுவரோரம் வரிசையாக நின்று முனகிக்கொண்டிருந்தன. ஜன்னலோர மெஷின் மட்டும் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. அதனடியில் மாமா கிடந்தார். தலைப்பக்கம் தாழ்த்தியிருந்தார்கள், முகம் வெள்ளைத்தாளாக இருந்தது, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. நர்ஸ் சலைன் பாட்டிலை அழுத்திப் பிழிந்துகொண்டிருந்தாள். அக்கா கால்மாட்டில் நின்று அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கவலைப்படாதீர்கள், போன தடவையும் இப்படித்தான், சலைன் ஏறினால் சரியாகிவிடும் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே பிரஷர் மானியைப் பார்த்தாள். பார்த்தவள் அடுத்த வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டாள்.

சவடால் வாயைத் திறந்தான். அக்காவின் எதிரில் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கட்டிலில் தெரிந்தது.

"சிஸ்டர், அவர் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடல. ரொம்ப நாளா சாப்பிடல."

நர்ஸின் கை நின்றது. மாமாவின் கண் திறந்தது. உதடு அசைந்தது, குரல் வரத் தாமதமாயிற்று. "சாப்பிடறேன்" என்றார். "பெட்டி காலியா இருக்கும், பாரும்மா. மாப்ள விளையாடறான்."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சவடால் விளையாட்டுக்காரன் என்பது அந்த வார்டு முழுக்கத் தெரியும். வந்த நாளெல்லாம் அவளை அவன் கடித்திருக்கிறான். முதல் தடவையாகத் தன் வாயை நினைத்து அவன் பயந்தான். நம்புங்க சிஸ்டர் என்றான், கையெடுத்துக் கும்பிட்டான். நம்பவைக்க வேறு வழி தெரியவில்லை.

மீட்டரம்மா கைப்பையைத் திறந்து இரண்டு ஸ்பூன்களையும் போர்வைமேல் வைத்தார்.

அக்கா குனிந்து பார்த்தாள். சமையலறை செட்டில் காணாமல்போய் அவள் வீடெல்லாம் தேடிய ஸ்பூன்கள். வெள்ளை படிந்த ஸ்பூனை எடுத்தாள், நாக்கில் வைத்தாள்.  தினமும் காலையில் முகம் சுளிக்காமல் விழுங்கிய கசப்பு அது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் தம்பி சொல்றது நிஜம்" என்றாள் அக்கா. "டாக்டரைக் கூப்பிடுங்க."

டாக்டர் ஓடி வந்தார். ஊசி ஏறியது. ஸ்டீராய்டு ஊசி ஏறி வேலை செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியமில்லை. பிரஷர் மானியின் எண் இருந்த இடத்திலேயே கிடந்தது, இன்னும் கொஞ்சம் இறங்கியது. அக்கா பாதத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. சவடால் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டான், தெரியாத சாமிகளுக்கும் ஒரு கும்பிடு போட்டு வைத்தான். எண் நின்றது. பிறகு ஏறியது. இன்னொரு முறை ஏறியபோது நர்ஸ் சத்தமாக மூச்சு விட்டாள். மெஷின் கூவுவதை நிறுத்தியது.

டாக்டருக்குக் கோபம் வந்தது, நோயாளி பிழைத்த பிறகு வருகிற கோபம். கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் போயிருப்பார் என்று மாமாவைத் திட்டினார். பிறகு அக்காவிடம் திரும்பி, நீங்களும் பட்டென்று நிறுத்தக்கூடாது, உங்களுக்கும் அது பழகியிருக்கும், நான் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார். அந்த மருந்து போய்விட்டால் புரத அளவு தானாக இறங்கிவிடும். இறங்கினால், உங்கள் சிறுநீரகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று பொருள்.

அக்காவின் முகம் மலர்ந்தது. மாமாவின் முகத்தில் ஊசி கொண்டுவந்த ரத்தம் அப்படியே வடிந்தது.

"ஒரு மெஷினாவது என் பக்கம் பேசும்னு நினைச்சேன்" என்றார்.

"இங்க கூவின இந்த ரெண்டாவது மெஷினை மறந்துட்டீங்க" என்றாள் அக்கா. அவள் அழுதுகொண்டிருந்தாள், கோபத்திலா வேறெதிலா என்று சொல்ல முடியாத அழுகை. "நீங்க இல்லாம ரெண்டு கிட்னியை வச்சுக்கிட்டு நான் என்னங்க செய்யறது?"

 மாமா மெதுவாகத் தலையைத் திருப்பிச் சவடாலைத் தேடினார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது, ஏற்றிவிட அவருக்குக் கையில் தெம்பில்லை.

"அவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு மாப்ள" என்றார். "நீயாவது வேண்டாம்னு சொல்லேன்."

சவடால் வாயைத் திறந்தான். காலையில் டாக்டர் அறையில் அவனைப் பிடித்த பயமும் அதே பயம்தான். இந்த மனிதர் அதைத் தன் உயிரைப் போட்டு மறைத்து வைத்திருந்தார். வேண்டாம் என்றால் இவர் போவார். சரி என்றால் அக்கா கத்திக்குக் கீழே படுப்பாள். எத்தனையோ கேள்விக்குப் பட்டென்று பதில் வைத்திருந்த அந்த வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. மீட்டரம்மாவைப் பார்த்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிலின் அந்தப் பக்கம், அடுத்த ரத்தச் சோதனை என்றைக்கு என்று அக்கா நர்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் சில வாரமாவது ஆகட்டும் என்றாள் நர்ஸ். அதைக் காதில் வாங்காமல், அக்கா அதற்குள் ரத்தம் எடுக்கச் சொல்லிக் கையை நீட்டியிருந்தாள்.